உயிருக்கு அரைப் பேர் கிடையாது: வலப்பனைக் காமன் பொட்டலிலிருந்து சில கேள்விகள்

மாசி மாதம், வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டம். நேரம் நடுச்சாமத்தைத் தாண்டிவிட்டது. லயத்துக்குக் கீழே இருக்கிற காமன் பொட்டலில் தப்புச் சத்தம் உச்சத்துக்குப் போய், சிவன் வேஷக்காரர் நெற்றிக்கண்ணைத் திறந்து, வைக்கோல் சுற்றிய கம்பத்தில் நெருப்புப் பிடித்தது. ரதி வேஷம் கட்டியவர் நிலத்தில் விழுந்து அழுதார். அவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிற ஆள், மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டியிருந்தார். அந்த அழுகையைக் கேட்டு எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகளும் அழுதார்கள். அது நடிப்புக்கு அழுத அழுகையாகத் தெரியவில்லை. அவரவர் வீட்டுச் சாவை நினைத்துத்தான் அழுதார்கள்.

எங்களில் ஒருத்தன் கெம்பஸில் விஞ்ஞானம் படிக்கிறான். பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பாயியிடம் குனிந்து கேட்டான்: "அப்பாயி, நெசமாவே காமன் எரிஞ்சாரா?"

அப்பாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எரிஞ்சது ஒடம்புதான்டா. உசுரு எங்க எரியும்? ரதிக்குத் தெரியும்ல."

அன்றைக்கு விடியும்வரை நாங்கள் இதைப் பற்றித்தான் பேசினோம். கடவுள் இருக்கிறாரா, உயிர் என்று ஒன்று உண்டா, "நான் தகுதியில்லாதவன்" என்று சாமி முன்னால் விழுந்து கும்பிடுவது அடிமைப் புத்தி இல்லையா என்றெல்லாம் பேச்சு போனது. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நாங்கள் நம்பிக்கையின் பக்கம் நின்று பேசப்போகிறோம். ஆனால் எதிர்ப்பக்கத்தைக் கேலி செய்துவிட்டுப் பேசப்போவதில்லை. எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள்.

முதலில் வரலாறு

வலப்பனைப் பள்ளத்தாக்கு நாங்கள் வருவதற்கு முன்பே எரிந்த பூமி. 1817-18 கிளர்ச்சியில் ஊவா, வெல்லஸ்ஸவோடு சேர்ந்து வலப்பனையும் எழுந்தது. வெள்ளைக்காரப் படை வீடுகளைக் கொளுத்தி, விளைச்சலை அழித்து அதை அடக்கியது. 1840-இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. யாருக்கும் உறுதிப்பத்திரம் இல்லாத காடும் சேனையும் அரசுக்கு என்றானது. அந்த நிலம்தான் பிறகு கோப்பித் தோட்டமாகி, 1869-இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பின்னால் தேயிலையாக மாறியது.

அந்தத் தோட்டங்களுக்குத்தான் எங்கள் ஆட்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பாதை முடிகிற மாத்தளையில் இன்றைக்கு நிற்கிறது முத்துமாரியம்மன் கோயில். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்டது மாரியைத்தான் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அம்மை நோய்க்கும் காய்ச்சலுக்கும் உரியவள் அவள்தானே.

ஊரிலிருந்து கொண்டுவந்த பிடிமண்ணை ஒரு மரத்தடியில் போட்டு, ஒரு கல்லை நட்டு, ஒரு சூலத்தைக் குத்திவைத்தார்கள். கோயில் கட்டடம் எல்லாம் பிறகு வந்தது. தோட்டத்தில் எல்லாமே கொம்பனிக்குச் சொந்தம். லயம், மலை, தண்ணிப் பீலி, பிள்ளைக்காம்பரா எல்லாம் தோட்டத்துடையது. அந்தக் கல் மட்டும்தான் எங்களுடையது.

வந்தவர்களை எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாகி, "துண்டு" என்ற சீட்டில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றினால் கடனும் சேர்ந்து மாறியது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். 1900களின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குத் தகரச் சீட்டுக் கொடுத்தார்கள். அதில் இருந்தது எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்கிற அடையாளம்தான். 1865-இன் சட்டத்தில் வேலையை விட்டு ஓடுவது குற்றம், சிறைக்கு அனுப்பலாம்.

இன்றைக்கும் எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் விழவில்லை என்றால் "அரைப் பேர்". "இன்னைக்கு எனக்கு அரைப் பேர்தான் போட்டாங்க" என்று எங்கள் அம்மாமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். செக்ரோலில் ஒரு மனுஷி பாதியாகிவிடுவாள். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

எதிர்ப்பக்கம் சொல்வது

எதிர்ப்பக்கத்தின் வாதம் பலமானது. அதை ஒளிக்காமல் வைக்கிறோம்.

துரைமாருக்குக் கோயில் வசதியாக இருந்தது. திருவிழாவுக்கு லீவும் கொஞ்சம் பணமும் கொடுத்தால் ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள். கோயில் தலைமை கங்காணி கையில் இருந்தது. கடன் கொடுத்தவரே காளாஞ்சியும் வாங்கினார். லயங்களைச் சாதிவாரியாகப் பிரித்தார்கள். தப்பு அடித்தால்தான் சாமி வரும், ஆனால் தப்பு அடிக்கிறவரைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். இது எங்கள் வரலாறு. "அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னால் பொய்.

1932-இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பும்போது பெரியார் இலங்கையில் தங்கிப் பேசினார். சுயமரியாதைக் கருத்துக்கள் இங்கேயும் வேர்விட்டன. பிறகு இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத்தில் சாதிக்கும் மூடநம்பிக்கைக்கும் எதிராகவும் குடியுரிமைக்காகவும் வேலை செய்தது. 1962-இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. கேரளத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து இங்கே தாவரவியல் கற்பித்த ஏபிரகாம் கோவூர், 1963-இல் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். 1978-இல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாராலும் வாங்க முடியவில்லை.

இவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். பேய் ஓட்டுகிறேன் என்று பெண்பிள்ளைகளை அடித்தவர்களை இவர்கள்தான் கேள்வி கேட்டார்கள். கோயில் வாசலில் நின்றவர் உள்ளே வர, இவர்களும் வழி செய்தார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஒரு நம்பிக்கையைத் துரை பயன்படுத்தினார் என்பதால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடுமா? துரை மருந்தையும்தான் பயன்படுத்தினார். கூலியாள் செத்தால் வேலை நடக்காது என்றுதான் தோட்டத்து டிஸ்பென்சரி வந்தது. அதனால் கொயினா மாத்திரை பொய்யா? சட்டத்தையும், பள்ளிக்கூடத்தையும், கணக்கையும் எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். அதற்காக இரண்டும் இரண்டும் நான்கு இல்லை என்று ஆகிவிடாது. யார் எதற்குப் பயன்படுத்தினார் என்பது ஒரு கேள்வி, அது உண்மையா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று எழுந்து போகக்கூடாது.

கோவூரின் சவாலும் அப்படித்தான். வித்தை காட்டுகிறவர் தோற்றார், சரி. எங்கள் அப்பாயி ஒரு நாளும் வித்தை காட்டியதில்லையே.

சட்டப்படி சரி, ஆனால் அநியாயம்

இப்போது எங்கள் பக்கத்து முதல் வாதம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருஷமே, 1948-இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் வாக்குரிமையும் போனது. வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் தாண்டி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1953-இல் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும்.

யோசித்துப் பாருங்கள். பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அதற்கு மேலே இருந்த கடைசி நீதிமன்றமும் சரி என்றது. அதற்கு மேல் போக மனுஷர்களிடம் இடமே இல்லை. பெரும்பான்மை மக்களும் சரி என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் அது அநியாயம். நாங்களும் சொல்கிறோம், இதைப் படிக்கிற நீங்களும் சொல்வீர்கள். அது அன்றைக்கே அநியாயம். 2003-இல் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்ததால் அது அநியாயமாக மாறவில்லை. அநியாயமாக இருந்ததால்தான் கொடுக்க வேண்டி வந்தது.

அப்படியென்றால், எந்த அளவுகோலில் அது அநியாயம்? சட்டத்தில் இல்லை. நீதிமன்றத்தில் இல்லை. பெரும்பான்மையின் கருத்திலும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, இவை எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிற ஒரு தராசு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால்தான் "அநியாயம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும். இல்லையென்றால், "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும்தான் சொல்லலாம்.

"அதுதான் மனித உரிமை" என்று நண்பன் சொன்னான். நல்ல பதில்தான். குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10 அன்று ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று அதன் 15ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரகடனமும் மனுஷர்கள் கூடிக் கைதூக்கி ஏற்ற ஒரு பத்திரம்தான். நாளைக்கு அதே சபை கைதூக்கி அதை நீக்கினால், எங்கள் உரிமை இல்லாமல் போய்விடுமா? "இல்லை, அப்பவும் இருக்கும்" என்று நண்பன் உடனே சொன்னான். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். பிரகடனம் உரிமையைப் படைக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வாசித்துச் சொன்னது. எழுதப்படுவதற்கு முன்பே அது எங்கே இருந்தது?

கடவுளை நம்பாதவர்கள் நியாயத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 1948-இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் லங்கா சமசமாஜக் கட்சியின் நாத்திக இடதுசாரிகளும் இருந்தார்கள். ஆதரித்துக் கைதூக்கியவர்களில் பன்சலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போனவர்கள் நிறையப் பேர். இது எங்களுக்கு வெட்கம்தான். ஆனால் வெளிச்சத்தை யார் பார்த்தார்கள் என்பதைத் தாண்டி, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். சூரியனை நம்பாதவருக்கும் பகலில் கண் தெரியும்.

எங்கள் பாட்டிமாருக்குப் பிரிவி கவுன்சில் தெரியாது. ஆனால் துரை அடித்தால் மாரியம்மன் கல்லுக்கு முன்னால் போய் மண்ணை வாரித் தூற்றினார்கள். கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுவையில் ஏமாற்றினால் "கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்லலாம். நாங்கள் அதை முறைப்பாடு என்கிறோம். கேட்க ஒரு நீதிபதி இல்லாத இடத்தில் யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். துரைக்கு மேலே யாரும் இல்லை என்று எல்லாரும் சொன்ன காலத்தில், துரைக்கு மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று எழுத்தறியாத ஒரு பெண் நம்பினாள். அவள் நம்பியது சரியென்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

தகுதியின்மை: இரண்டு வகை

இதுதான் கஷ்டமான பகுதி. "சரி, கடவுள் இருக்கட்டும். ஆனா 'நான் ஒன்னுக்கும் உதவாதவன், பாவி, நாய்' என்று ஏன் சொல்லணும்? இருநூறு வருஷமா நம்மள 'கூலி'ன்னு கூப்பிட்டது போதாதா? சாமியும் அதையேதான் சொல்லுதா?" இப்படிக் கேட்டது எங்களில் ஒரு தங்கச்சி. அவளுடைய கோபம் நியாயமானது.

மாணிக்கவாசகரை எடுத்துக்கொள்வோம். மரபுப்படி அவர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்க அரண்மனைப் பணத்தோடு போன பெரிய மனுஷர். அவர்தான் திருவாசகம் முழுக்கத் தன்னை நாய் என்றும் கடையன் என்றும் சொல்லிக்கொள்கிறார். கவனியுங்கள், வேறு யாரையும் அவர் நாய் என்று சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்கிறார். ஜி.யு. போப் என்ற கிறிஸ்தவ மிஷனரி எண்பது வயதில், 1900-இல், இந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தன் மதத்தில் மனுஷன் கடவுள் முன்னால் எப்படி நிற்கிறானோ, அதே நிலை இங்கேயும் இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த நூலில் அவ்வளவு ஈடுபாடு. திருநெல்வேலியில் வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் 1894-இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்தில் இதே குரலில்தான் அழுகிறார். 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாக மலைநாட்டுத் தோட்டங்களிலும் கிறிஸ்தவ ஜெபக்கூட்டங்கள் வந்தன. அங்கேயும் கேட்டது இதே குரல்தான்.

இப்போது துரை சொன்ன "கூலி"யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துரையின் தகுதியின்மை "நீ தகுதியில்லாதவன், நான் தகுதியானவன்" என்கிறது. மாணிக்கவாசகரின் தகுதியின்மை "நான் தகுதியில்லாதவன்" என்பதோடு நின்றுவிடுகிறது. முன்னது ஏணி போல, ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. பின்னதில் எல்லாரும் நிற்பது ஒரே தரையில். கடவுள் முன்னால் யாருக்கும் தகுதி இல்லை என்றால், பங்களாவில் இருக்கிற துரைக்கும் இல்லை, பெரிய கங்காணிக்கும் இல்லை, பிரிவி கவுன்சில் நீதிபதிக்கும் இல்லை. அப்படியிருக்க, யாரிடமிருந்து யார் அதிகாரம் பெற்று இன்னொருத்தரைக் கீழே தள்ளினார்கள்?

"கூலி" என்ற சொல்லை உடைக்க இரண்டு வழி உண்டு. "நானும் துரை மாதிரி பெரியவன்" என்று சொல்லலாம். "துரையும் என்னை மாதிரி மண்தான்" என்றும் சொல்லலாம். முதல் வழியில் போனவர்கள் கங்காணி ஆனார்கள். எங்கள் ஆட்களைக் கடனில் கட்டிப்போட்டது வெள்ளைக்காரன் மட்டுமில்லை, எங்கள் மொழி பேசிய, எங்கள் கோயிலில் காளாஞ்சி வாங்கிய எங்கள் ஆட்களும்தான்.

தகுதியின்மையை ஒத்துக்கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. அநியாயத்துக்கு ஆளானவர்கள், தாங்கள் செய்கிற அநியாயத்தைப் பார்ப்பது கஷ்டம். எங்கள் பெண்கள் ஆண்களைவிட அதிக நேரம் மலையில் நின்றார்கள், ஆனால் அவர்களுக்குச் சம சம்பளம் கிடைத்தது 1984-இல்தான். அதற்குக் கொம்பனியைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் அவள் சம்பளத்தைப் புருஷனோ அப்பனோ போய் வாங்கி, அதில் பாதியைக் கள்ளுக்கடையில் விட்டது யார் செய்த வேலை? தப்பு அடிக்கிறவரைக் கோயில் வாசலில் நிறுத்தியது எந்தத் துரையின் உத்தரவு? "நாங்கள் ஒடுக்கப்பட்டவர்கள்" என்பது உண்மை. "ஆகவே நாங்கள் குற்றமில்லாதவர்கள்" என்பது பொய். சாமி முன்னால் நெஞ்சில் அடித்துக்கொள்கிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் இந்த இரண்டாவது பொய் கொஞ்சம் விலகுகிறது.

தங்கச்சி இதற்கு முழுசாக உடன்படவில்லை. "சரி, ஆனா அதச் சொல்லச் சொல்லி என்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள். அதை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். தகுதியின்மை என்பது தானாகச் சொல்லிக்கொள்வது. அடுத்தவர் வாயில் திணித்தால் அது மறுபடியும் "கூலி"தான்.

உயிர்

அப்பாயி சொன்ன "உசுரு எங்க எரியும்?" என்பதற்கு வருவோம்.

சைவ சித்தாந்தம் உலகத்தைப் பதி, பசு, பாசம் என்று மூன்றாகப் பார்க்கிறது: இறைவன், உயிர், கட்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தில் பன்னிரண்டே சூத்திரங்கள். மூன்றாவது சூத்திரத்தின் வேலை, உயிர் என்று ஒன்று இருப்பதைக் காரணம் சொல்லி நிறுவுவது. "நம்பு" என்று கட்டளை போடாமல் வாதம் செய்கிறது. அதில் இரண்டு காரணங்களை எங்கள் மொழியில் சொல்லிப் பார்க்கிறோம்.

ஒன்று: "உயிர் இல்லை" என்று ஒருத்தர் சொல்கிறார். உடம்பு, கை, கால், கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது இல்லை, இதுவும் இல்லை" என்கிறார். சரி, அப்படித் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்கிறதே ஒன்று, அது எது?

இரண்டு: "என் வீடு" என்கிறபோது வீடு வேறு, நான் வேறு. "என் உடம்பு" என்றும் அதே மாதிரிதான் சொல்கிறோம். உடம்பைத் தன்னுடையது என்று சொல்கிற ஆள் யார்?

விஞ்ஞானம் படிக்கிற நண்பன் விடவில்லை. "மூளையில் அடிபட்டால் ஆளே மாறிப்போறார். மயக்க ஊசி போட்டா 'நான்' காணாமப் போகுது. அப்ப 'நான்' என்பது மூளைதானே?" நேர்மையான கேள்வி. சித்தாந்தமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறது. உயிர் தனியாக எதையும் அறியாது, உடம்பு என்ற கருவி வழியாகத்தான் அறியும் என்று அதுவே ஒத்துக்கொள்கிறது. தப்பின் தோல் கிழிந்தால் அடி கேட்காது. அதனால் தோல்தான் அடிக்கிறது என்று ஆகுமா? இது நிரூபணம் இல்லை, தெரியும். ஆனால் மூளை இல்லாமல் நினைப்பு நடக்காது என்பதிலிருந்து, நினைப்பு என்பது மூளை மட்டும்தான் என்று தாவுவதும் நிரூபணம் இல்லை.

வலப்பனையில் எங்கள் அயலவர்கள் சிங்கள பௌத்தர்கள். நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்பது அவர்கள் தத்துவம். அதோடும் நாங்கள் சண்டை போடவில்லை. "நான்" என்ற பிடிவாதத்தை விடச் சொல்கிற அந்தப் போதனை, மேலே சொன்ன தகுதியின்மைக்கு ரொம்பத் தூரமில்லை. ஆனால் ஒரு இடத்தில் நாங்கள் பிடியை விடமாட்டோம். அதற்குக் காரணம் எங்கள் வரலாறு.

செக்ரோல் எங்களை அரைப் பேர் ஆக்கியது. தகரச் சீட்டு எண் ஆக்கியது. துண்டு கடன் ஆக்கியது. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைப் பங்கு பிரித்தது: ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று ஆனது. யாரிடமும் கேட்கவில்லை. மனுஷன் எண்ணி, நிறுத்து, பாதியாக்கிப் பிரிக்கக்கூடிய பொருள் மட்டும்தான் என்றால், இதில் என்ன தப்பு? கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

தப்பு இருக்கிறது என்று உள்ளே ஏதோ சொல்கிறதல்லவா? நிறுக்க முடியாத, பிரிக்க முடியாத, கணக்கில் ஏறாத ஒன்று ஒவ்வொரு ஆளிலும் இருக்கிறது என்று தெரிந்துதான் அது சொல்கிறது. அதைத்தான் எங்கள் பாட்டிமார் உசுரு என்றார்கள். உயிருக்கு அரைப் பேர் கிடையாது.

கடைசியாக, மண்சரிவு

இதைச் சொல்லாமல் முடித்தால் நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று அர்த்தம். 2007 ஜனவரியில் பெருமழை பெய்து வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தயிலும் மலை சரிந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. அதற்குப் பிறகும் மழை பலமாகப் பெய்கிற ஒவ்வொரு இரவும் எங்கள் பக்கத்து ஆட்கள் தூங்காமல் மலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அப்ப கடவுள் எங்க இருந்தாரு?"

சரிவில் லயம் கட்டியது யார், காட்டை வழித்தது யார், ஆபத்து என்று தெரிந்த பிறகும் மாற்றுக் காணி கொடுக்காதது யார் என்று பாதிப் பதில் சொல்லலாம். அந்தப் பாதியைக் கடவுள் தலையில் கட்டி அதிகாரிகளைத் தப்பவிடக்கூடாது. மீதிப் பாதிக்கு எங்களிடம் பதில் இல்லை. "விதி" என்று சொல்லி ஒரு தாயின் வாயை அடைப்பதைவிட, பதில் இல்லை என்று சொல்வது மேல்.

ஆனால் காமன் கூத்தை மறுபடி பாருங்கள். மன்மதன் தானாகப் போகவில்லை, தேவர்கள் அனுப்பினார்கள். "போகாதே" என்று ரதி தடுத்தாள். போனான், எரிந்தான். ஒரு பிழையும் செய்யாத ரதி தாலியறுத்தாள். அவள் அழுவது சிவனுக்கு முன்னாலேயே. சிவனைத்தான் கேள்வி கேட்கிறாள். விரதம் இருந்து, காப்புக் கட்டி, இரவெல்லாம் தப்படித்து, எங்கள் மக்கள் வருஷா வருஷம் கடவுள் மேலேயே ஒரு வழக்கைப் போடுகிறார்கள். கடவுளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நம்பிக்கை என்றால் வாய் மூடியிருப்பது என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அப்பாயி சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் மன்மதன் எழும்புகிறான். ஆனால் உடம்பில்லாமல், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. கோவூருக்குக் காட்ட முடியாது, லட்ச ரூபாயும் கிடைக்காது. "ரதிக்குத் தெரியும்ல" என்று அப்பாயி சொன்னது இதைத்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடியப் பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது இன்னொரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். இரண்டு கட்சிக்கும் ஒரே பந்தல்தான்.

எங்கள் பேச்சும் அப்படித்தான் முடிந்தது. விடிந்ததும் நண்பன் எரிந்த கட்சியிலேயே இருந்தான். தங்கச்சி இரண்டுக்கும் நடுவில் நின்றாள். நாங்கள் மற்றவர்கள் அப்பாயி பக்கம். பெரட்டுக்கு மணி அடித்தது. ரதி வேஷம் கட்டியவர் முகத்தைக் கழுவிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். இரவெல்லாம் அழுததில் குரலே இல்லை அவருக்கு. அன்றைக்கு அவருக்கு முழுப் பேர் போட்டார்களா, அரைப் பேரா என்று நாங்கள் கேட்கவில்லை.